முதுகுப்பையோடு டர்பன்: நண்பர்களோடு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தூத்துக்குடிக்காரன். பத்து வருடமாக வேலை தென்னாப்பிரிக்காவின் டர்பனில். ஊரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே கிளம்புகிறார்கள் என்றால், ஒரு வாரம் முன்னாலிருந்தே என் கைபேசியில் ஒரே மாதிரி கேள்விகள் வந்து விழும். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் எனக்கும் நிம்மதி. இதில் இருப்பவை நானும் இங்குள்ள மூன்று நண்பர்களும் சுற்றித் தெரிந்துகொண்டவை. அவர்களில் இருவர் டர்பனிலேயே பிறந்தவர்கள், ஒருவர் யாழ்ப்பாணம்.

எல்லோரும் கேப்டவுனுக்குத்தானே போகிறார்கள். டர்பன் எதற்கு?

கேப்டவுன் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அட்லாண்டிக் பக்கம் கடலில் கால் வைத்தால் பல் கிட்டிப்போகும். மேற்குக் கரையை ஒட்டி வரும் பெங்குவேலா நீரோட்டம் குளிர்ந்தது. டர்பன் பக்கம் வடக்கேயிருந்து இறங்கும் அகுல்யாஸ் நீரோட்டம் வெதுவெதுப்பானது. கோடையில் கடல்நீர் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், குளிர்காலத்திலும் 21 போல இருக்கும். வருடம் முழுக்கக் குளிக்கலாம்.

இன்னொன்று, கடற்கரை இங்கே ஊரோடு ஒட்டியே இருக்கிறது. துறைமுக வாயிலிலிருந்து உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூன் வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு ஒரே நடைபாதை. விடிகாலையில் ஓடுகிறவர்கள், அலைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவர்கள், மணலில் சிங்கமும் முதலையும் செய்து காசு கேட்கும் பையன்கள், பாசிமணியும் மாட்டுக்கொம்பும் வைத்த தலைக்கட்டோடு ரிக்‌ஷா இழுக்கும் ஜூலுக்காரர்கள் எல்லோரும் அதில்தான். டர்பனில் ரிக்‌ஷா ஓடத் தொடங்கியது 1892-இல். இன்று அது ஊர் போய்வர அல்ல, வேடிக்கைச் சவாரிக்கும் படம் எடுக்கவும்தான். கேமராவை நீட்டுவதற்கு முன் எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

எந்த மாதம் வரலாம்?

என்னைக் கேட்டால் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. இங்கே அது குளிர்காலம். பகலில் 22, 23 டிகிரி, வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். மழை குறைவு. டிசம்பர், ஜனவரியில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து நம் ஊர் மே மாதம் போல ஆகிவிடும், பின்மதியம் இடியோடு மழையும் வரும். டிசம்பர் 26-ஆம் தேதியும் புத்தாண்டு அன்றும் கடற்கரையில் மணலே தெரியாது. குழந்தைகள் தொலையாமல் இருக்கக் கையில் அடையாளப் பட்டை கட்டுவார்கள் என்றால் கூட்டத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கதி மட்டும் மனதில் இருக்கட்டும். டர்பன் கிழக்கு பார்த்த ஊர், எல்லாமே சீக்கிரம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜூனில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் போய்விடும். கடலுக்கான வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வடகிழக்குக் காற்று எழுந்து அலையைக் குலைத்துவிடும், மணல் கண்ணில் அடிக்கும். எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பதில் நண்பர்களுக்குள் சண்டை வரும். இந்தப் பயணத்தில் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான், ஆகவே முதல் நாளே போட்டு முடித்துவிடுங்கள்.

விசா, விமானம்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். துபாய் வழியாகவோ ஜோகன்னஸ்பர்க் வழியாகவோ வரலாம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், சாலையில் ஆறு மணி நேரம். கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரவில் வந்து இறங்கினால் செயலி வழி டாக்சிதான், யோசிக்கவே வேண்டாம்.

எங்கே தங்குவது?

முதுகுப்பைக்காரர்கள் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் மார்னிங்சைடு, க்ளென்வுட் போன்ற மேட்டுப் பகுதிகளில் இருக்கின்றன. பழைய வீடு, நடுவில் முற்றம், அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை. மார்னிங்சைடில் இருந்தால் ஃப்ளோரிடா சாலையின் சாப்பாட்டுக் கடைகளும் மதுக்கடைகளும் பக்கம். கடற்கரையை ஒட்டிய உயரக் கட்டடங்களில் வாடகைக்கு வீடும் கிடைக்கும். நாலு பேர் என்றால் தலைக்கு அதுவே மலிவாக வரலாம், பால்கனியிலிருந்து சூரியோதயமும் பார்க்கலாம். ஆனால் பாயிண்ட் சாலைப் பக்கம் ஒரு தெரு நன்றாக இருக்கும், அடுத்த தெரு இருக்காது. முன்பணம் கட்டுவதற்கு முன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் தெருப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சமையலறை உள்ள இடமாகப் பாருங்கள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், புளி எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும் ஊர் இது.

உண்மையைச் சொல்லுங்கள், பாதுகாப்பாக இருக்குமா?

உண்மையைச் சொன்னால், கவனமாக இருக்க வேண்டிய ஊர். பயந்து அறைக்குள் உட்கார வேண்டிய ஊர் இல்லை. நான் வந்த முதல் வருடம் கடற்கரை ஓரம் கார் நிறுத்திவிட்டு ரிமோட்டை அழுத்தியபடியே நடந்துபோனேன். திரும்பி வந்தபோது பின்சீட்டில் இருந்த பை இல்லை. கண்ணாடி உடையவில்லை. ரிமோட் சமிக்ஞையை மறிக்கும் கருவியோடு யாரோ பக்கத்தில் நின்றிருக்கிறார். நான் அழுத்தினேன், கதவு பூட்டவே இல்லை. அன்றிலிருந்து கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் காரை விட்டு நகர்வதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். காருக்குள் வெளியே தெரியும்படி ஒரு சட்டைகூட இருக்க வேண்டாம்.

மற்றபடி, பகலில் நடைபாதையில் தாராளமாக நடக்கலாம். இருட்டிய பிறகு ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெற்று மணலில் இறங்காதீர்கள். நகர மையத்தின் சந்தைப் பகுதிகளுக்குக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். தெருவோரம் நின்று கைபேசியில் வரைபடம் பார்க்காதீர்கள், கடைக்குள் போய்ப் பாருங்கள். நாலு பேராக இருப்பதே பாதிப் பாதுகாப்பு. ஆனால் நாலு பேரும் ஒரே நேரத்தில் கடலில் இறங்கினால் கரையில் பைக்கு யார் காவல்? எங்கள் கூட்டத்தில் முறை போட்டுக்கொள்வோம். யாழ்ப்பாணத்து நண்பருக்கு நீச்சல் தெரியாது, அவர்தான் நிரந்தரக் காவலாளி.

கார் நிறுத்தும் இடங்களில் மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் கை காட்டுவார். அவர் காரைப் பார்த்துக்கொள்பவர், திரும்பும்போது சில ராண்ட் கொடுப்பது வழக்கம். அவசரத்துக்குக் காவல்துறை எண் 10111. கைபேசியிலிருந்து 112.

சுறா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். 1957 டிசம்பரிலிருந்து 1958 ஏப்ரல் வரை இந்தக் கரையில் சுறா கடித்து ஐந்தாறு பேர் இறந்தார்கள். விடுமுறைக்கு வந்த கூட்டம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடியது. டர்பனில் 1952-இலேயே வலை போட்டிருந்தார்கள். மற்ற ஊர்க் கரைகளுக்கும் சேர்த்துக் கவனிக்க 1964-இல் ஒரு வாரியமே அமைத்தார்கள். அதன் அலுவலகம் உம்ஷ்லாங்காவில் இருக்கிறது. ஒவ்வொரு வலையும் 200 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 6 மீட்டர் ஆழம். ஆகவே அது கரையை அடைத்துக் கட்டிய வேலி இல்லை. சுறா வலைக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் போய்வரலாம். வலையின் வேலை கரையோரம் சுற்றும் பெரிய சுறாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். அதில் ஆமையும் ஓங்கிலும் (டால்பின்) மாட்டிச் சாவதால் வலையே வேண்டாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் தெற்கேயிருந்து கரையோரமாக ஏறி வரும். அதன் பின்னாலேயே சுறா, ஓங்கில், கடற்பறவை எல்லாம் வரும். அப்போது வலைகளை எடுத்துவிடுவார்கள், அந்தக் கரைகளில் குளிக்கத் தடை போடுவார்கள். தடை என்றால் தடை. அதற்குப் பதில் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று கிடைக்கும். மீன் கரைக்கு வந்துவிட்டது என்று சேதி வந்தால் தென்கரை ஊர்களில் ஆணும் பெண்ணும் கூடையோடும் சட்டையை விரித்துக்கொண்டும் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். வலை இழுக்கிறவர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள், கேட்க ஆள் இருக்காது. எங்கள் தூத்துக்குடியில் சாளை (இதே மத்திதான்) என்றால் பூனைகூட நிதானமாகத்தான் எழுந்து வரும்.

சுறாவை விட்டால் கடலில் வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?

நீரோட்டத்துக்கு. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள், அதற்கு நடுவில் மட்டும் குளியுங்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள், அல்லது மிதந்தபடி கையைத் தூக்குங்கள். உயிர்காப்பாளர்கள் கெட்டிக்காரர்கள்.

வடகிழக்குக் காற்று அடித்த மறுநாள் மணலில் நீலநிறப் பலூன் போலச் சின்னதாக ஒன்று கிடக்கும். அழகாக இருக்கிறது என்று தொடாதீர்கள். அது ப்ளூபாட்டில், வால் பட்டால் சாட்டையடி போலத் தடித்துவிடும். பட்டுவிட்டால் கடல்நீரில் கழுவிவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். கழிவுநீர்க் குழாய்களும் நிலையங்களும் சிதைந்து, கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. இப்போதும் பெரிய மழைக்குப் பிறகு ஆற்று முகத்துவாரங்களின் பக்கம் நான் இறங்குவதில்லை. எந்தக் கரை திறந்திருக்கிறது என்று நகராட்சி அறிவிக்கும். குளிக்கப் போகும் அன்று காலையில் பார்த்துவிடுங்கள்.

அங்கே தமிழில் பேசினால் புரியுமா?

பெரும்பாலும் புரியாது. இதில் ஏமாந்து போகிறவர்கள் நிறைய. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ‘ட்ரூரோ’ இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர், அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். கரும்புத் தோட்டத்தில் தொடங்கி நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. வீட்டு மொழி ஆங்கிலம் ஆகிவிட்டது. பாட்டியை ‘ஆயா’ என்பார்கள், தாத்தாவைத் ‘தாத்தா’ என்றே சொல்வார்கள், அண்ணா, அக்கா, தம்பி எல்லாம் அப்படியே இருக்கின்றன. தேவாரம் பிழையில்லாமல் பாடும் பெண்ணிடம் “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டால் வெட்கத்தோடு சிரிப்பாள். “தமிழ் தெரியாதா?” என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத காலத்திலும் காவடியை விடாமல் தூக்கியவர்கள் இவர்கள். நாட்டின் அரசியல் சட்டத்தில் போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளின் பெயர்ப்பட்டியலில் தமிழும் இருக்கிறது.

வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடுங்கள். கடைக்காரர், டாக்சி ஓட்டுநர், கோயில் தர்மகர்த்தா எல்லோருக்கும் அதுதான் மரியாதை.

கடற்கரைக்கு வருகிறோம், கோயிலுக்கும் நேரம் ஒதுக்க வேண்டுமா?

காற்று அடிக்கும் பின்மதியத்தில் வேறென்ன செய்யப்போகிறீர்கள்? கேட்டோ மேனரில் உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் இருக்கிறது. 1875-இல் ஆற்றங்கரையில் தொடங்கி, 1905 வெள்ளத்தில் போய், 1947-இல் இப்போதுள்ள இடத்தில் எழுந்தது. புனித வெள்ளியை ஒட்டி வந்தால் மவுண்ட் எட்ஜ்கோம், இசிபிங்கோ மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். கிறிஸ்தவர்களின் விடுமுறை நாள் எப்படி மாரியம்மன் திருவிழா ஆனது? தோட்ட வேலைக்காரர்களுக்கு லீவு கிடைத்தது அப்போதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

கடற்கரைக்கும் இந்த இந்தியர்களின் கதையில் பங்கு உண்டு. 1980-களின் கடைசி வரை டர்பன் கடற்கரையை இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள், வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை நட்டிருந்தார்கள். என் நண்பனின் ஆயா இன்றும் வடக்குக் கடற்கரையில் காரை விட்டு இறங்க மாட்டார். ப்ளூ லகூனுக்குத்தான் போக வேண்டும் என்பார். “நம்ம இடம் அதுதான்” என்பார்.

டர்பனில் சாப்பிடும் ‘பன்னி சவ்’ முயல்கறியா?

இல்லை! ஆங்கிலத்தில் ‘பன்னி’ என்றால் முயல்தான், ஆனால் இது அதுவல்ல. பாணை, அதாவது முழு ரொட்டியை, கால்வாசியாகவோ அரைவாசியாகவோ வெட்டி, உள்ளே குடைந்து, கொதிக்கக் கொதிக்கக் கறிக்குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள். ‘பனியா’ என்ற வணிகர் பெயரிலிருந்து வந்த சொல் என்பது பலரும் சொல்லும் கதை. கடையில் ‘சவ்’ சொல்லாதீர்கள், வெறும் ‘பன்னி’ போதும். “குவார்ட்டர் மட்டன்”, “குவார்ட்டர் பீன்ஸ்” என்று கேட்டால் ஆள் தெரிந்தவர் என்று நினைப்பார்கள். சைவம் என்றால் பீன்ஸ்தான். அதில் குறை ஒன்றும் இல்லை, மட்டனைவிட அதையே விரும்புகிறவன் நான். கூடவே துருவிய கேரட், வெங்காயம், மிளகாய் சேர்த்த சம்பல் வரும்.

கரண்டி கேட்காதீர்கள். குடைந்து எடுத்த ரொட்டித் துண்டு மேலே இருக்கும். அதைக் கிள்ளிக் குழம்பில் தொட்டுத் தொடங்கி, சுவரை மேலிருந்து கீழாக உடைத்துத் தின்றுகொண்டே இறங்க வேண்டும். அவசரப்பட்டு அடியில் பிய்த்தால் குழம்பு மடியில். அரைவாசி ஒருவரால் முடியாது. “நான் முடிக்கிறேன் பார்” என்று பந்தயம் கட்டிய சிங்கப்பூர் நண்பர் ஒருவர் அன்று மாலை முழுக்க விடுதிக் கட்டிலில் கிடந்தார்.

கடற்கரையில் நீளவாக்கில் வெட்டி மசாலாத் தூள் தூவிய அன்னாசி விற்பார்கள். விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாப் பொடிகளைக் குன்று குன்றாகக் குவித்து, ‘மாமியாரை ஒழிக்கும் மசாலா’ என்று பெயர்ப்பலகை குத்தியிருப்பார்கள். வாங்கிக்கொண்டு போங்கள், ஆனால் யாருக்கு வாங்கினீர்கள் என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

இரவில் வெளியே சுற்ற முடியாது என்றால் பொழுது எப்படிப் போகும்?

சீட்டுக்கட்டு எடுத்து வாருங்கள். டர்பன் இந்தியர்களின் ஆட்டம் ‘துனி’. நாலு பேர், இரண்டு கட்சி, ஒன்பதிலிருந்து ஆஸ் வரை 24 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. முதல் முறை விளக்கம் கேட்டபோது யாழ்ப்பாணத்து நண்பர் துள்ளிக் குதித்துவிட்டார். “அட, இது எங்கட முந்நூற்றிநாலு அல்லோ!” கூட்டிப் பாருங்கள், ஒரு சின்னத்துக்கு 76, நாலு சின்னத்துக்கு 304. ‘துனி’ என்பது நம் ‘தண்ணி’தான் என்கிறார்கள். ஆறு பிடியையும் நானே பிடிப்பேன் என்று அறைகூவுவதற்கும் அதுதான் பெயர். மொழி போன வீட்டிலும் ஆட்டம் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ஜெர்மன்காரனுக்குக் கற்றுக்கொடுத்தால் விடிய விடிய விடமாட்டான்.

கடற்கரையில் மது குடிக்கத் தடை. விடுதி முற்றத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கரையோரமாக வெளியே போக என்ன வழி?

நாலு பேர் என்றால் சின்ன வாடகைக் கார். இடதுபுறம்தான் ஓட்டுவார்கள், நமக்குப் பழக்கம். உள்ளூர் மினிபஸ் டாக்சி மலிவு. விரல் சைகை காட்டி நிறுத்த வேண்டும், காசைக் கைமாற்றி முன்னால் அனுப்ப வேண்டும், முன்சீட்டில் உட்கார்ந்தால் சில்லறைக் கணக்கு உங்கள் தலையில். பகலில், தெரிந்தவர் ஒருவரோடு ஒருமுறை ஏறிப் பாருங்கள். பெரிய பைகளோடு வேண்டாம்.

வடக்கா, தெற்கா?

இரண்டு நாள்தான் என்றால் வடக்கு. 18 கிலோமீட்டரில் உம்ஷ்லாங்கா, சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், பளபளப்பான கடைகள். படம் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இன்னும் மேலே உம்ட்லோட்டி, பலிட்டோ, சால்ட் ராக். பாறைக்கு நடுவே கட்டிய கடல்நீர்க் குளங்கள்தான் இங்கே விசேஷம். அலை சுவரில் மோதித் தெறிக்கும், உள்ளே தண்ணீர் அசையாது. நீச்சல் தெரியாத எங்கள் காவலாளி முதல் முறை கழுத்தளவு கடலில் நின்றது பலிட்டோவின் தாம்சன்ஸ் பேயில்தான். திரும்பும் வழியில் கரும்புக் காட்டுக்கு நடுவே டோங்காட், வெருலம். இரண்டும் பழைய இந்திய ஊர்கள், வெருலத்தில் காந்தி 1913-இல் திறந்துவைத்த கோபால் லால் கோயில் இருக்கிறது.

நாலு நாள் இருந்தால் தெற்கு. உம்கொமாஸில் கரைக்கு வெளியே அலிவால் ஷோல் என்ற பாறைத்திட்டு, முக்குளிக்கிறவர்களின் சொர்க்கம். குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை அங்கே கோரைப்பல் சுறாக்கள் சோம்பலாகச் சுற்றும். பார்க்கத்தான் பயங்கரம். அப்புறம் ஸ்காட்பர்க், 120 கிலோமீட்டரில் போர்ட் ஷெப்ஸ்டோன், அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஓரிபி பள்ளத்தாக்கு. இந்தப் பக்கம் ஊர்கள் தூங்கிவழியும், வாடகை குறைவு, மணல் உங்களுக்கே.

மீன் பிடிக்கலாமா?

அனுமதிச் சீட்டு வாங்கினால் பிடிக்கலாம். ‘ஷாட்’ மீனுக்கு அக்டோபரும் நவம்பரும் தடை, மற்ற மாதங்களில் ஒருவருக்கு நாளுக்கு நான்கு. புளி ஊற்றி ஷாட் குழம்பு வைத்தால், என் அம்மா வைக்கும் குழம்புக்குக் கிட்டத்தட்ட வரும்.

பையில் கட்டாயம் என்ன வேண்டும்?

வெயிலுக்குப் பூசும் களிம்பு, ஜூன் இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை, விடுதி அலமாரிக்குப் பூட்டு. மின்செருகி நம் ஊர்ப் பெரிய மூன்று முளை உருண்டைச் செருகி மாதிரி. ஏ.சி.க்குப் போடுவோமே, அதுதான்.

கடைசி நாள் விமானம் மாலையில். அதுவரை?

உம்ட்லோட்டிக்குப் போங்கள். விமான நிலையம் அங்கிருந்து பத்து, பதினைந்து நிமிடம். பைகளை வெளியே தெரியாமல் காரின் பின்பெட்டியில் வையுங்கள், ஒருவர் காவல். கடல்நீர்க் குளத்தில் கடைசிக் குளியல் போட்டுவிட்டு, காரில் ஏறுவதற்கு முன் காலை நன்றாகக் கழுவுங்கள். சீட்டில் மணல் இருந்தால் வாடகைக் கார்க்காரர்கள் சுத்தம் செய்யும் கூலி கேட்பார்கள். நாங்கள் ஒருமுறை கொடுத்தோம்.